அந்தப் பாதித் தொகை

2023 செப்டம்பர் 29 அன்று வாச்சாத்தி வழக்கின் மேல்முறையீடுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தண்டனை உறுதியானது என்பதே அன்றைய பெரிய செய்தி. அதே தீர்ப்பில் நீதிபதி பி. வேல்முருகன் இன்னொன்றையும் கட்டளையிட்டிருந்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் அரசு தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும். அதில் பாதியை, பாலியல் வன்கொடுமைக்காகத் தண்டிக்கப்பட்டவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும். முப்பத்தோரு வருடக் காத்திருப்புக்குப் பத்து லட்சம் போதுமா என்று பலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது அந்தப் பாதித் தொகை. உடலுக்கும் வாழ்க்கைக்கும் இழைத்த கேட்டுக்கு, இழைத்தவனே தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும் என்று ஒரு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நம் நாட்டில் இது அடிக்கடி நடப்பதில்லை. ஏன் நடப்பதில்லை என்பதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

வாச்சாத்தியில் நடந்ததை இளைய வாசகர்களுக்காக ஒருமுறை சொல்லிவிட வேண்டும். தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது அந்த ஊர். ஊரார் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடிகள். 1992 ஜூன் 20 அன்று, கடத்தல் சந்தனக்கட்டையைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் நுழைந்தார்கள். கையில் கிடைத்தவர்களையெல்லாம் ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். அங்கிருந்து 18 இளம்பெண்களை ஏரிப்பக்கம் கொண்டுபோய்ச் சீரழித்தார்கள். பிறகு அந்தப் பெண்கள் மீதே கடத்தல் வழக்குப் போட்டுச் சேலம் சிறையில் அடைத்தார்கள். வீடுகள் உடைக்கப்பட்டன, குடிநீர்க் கிணறு பாழாக்கப்பட்டது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் நீதிமன்றத்துக்குப் போன பிறகே, 1995இல், வழக்கு சிபிஐ கைக்கு மாறியது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அதற்குள் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேருக்குத் தண்டனை. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அதே தேதியில், உயர் நீதிமன்றத் தீர்ப்பு.

இத்தனை ஆண்டுகளும் அந்தப் பெண்கள் நீதிமன்றத்தில் யாராக இருந்தார்கள்? சாட்சிகளாக. குற்றவியல் வழக்கு அரசுக்கும் குற்றம்சாட்டப்பட்டவருக்கும் இடையே நடப்பது. பாதிக்கப்பட்டவர் அதில் ‘அ.சா. 1’, அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சி. கூண்டில் ஏறி, கேட்டதற்குப் பதில் சொல்லி, இறங்கிவிட வேண்டும். எந்த ஆவணத்தைக் காட்டுவது, வேறு எந்தச் சாட்சியை அழைப்பது, யாரைக் குற்றவாளிப் பட்டியலில் சேர்ப்பது, எதையும் அவர் தீர்மானிக்க முடியாது. எதிரி விடுதலையானால் மேல்முறையீடு செய்யும் உரிமைகூட 2009 இறுதியில் வந்த சட்டத் திருத்தத்தால்தான் அவருக்குக் கிடைத்தது. குற்றத்தைத் தண்டிப்பது அரசின் வேலை என்பதை ஏற்கிறேன். அது அரசின் வேலையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் தண்டனையோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. படிப்பு நின்றுபோன பெண்ணுக்கு, வேலையை விட்டுவிட்டு ஊர் மாறிப் போனவருக்கு, வருடக்கணக்கில் தூக்கமாத்திரை வாங்கிக்கொண்டிருப்பவருக்கு, எதிராளியின் சிறைவாசம் எதையும் திருப்பித் தருவதில்லை.

இதை நம் உச்ச நீதிமன்றம் உணராமல் இல்லை. ராஞ்சியிலிருந்து டெல்லிக்கு ரயிலில் வந்துகொண்டிருந்த வீட்டுவேலைப் பெண்களை ராணுவத்தினர் சிலர் சீரழித்த வழக்கில், இத்தகைய பெண்களுக்கு இழப்பீடு வழங்கத் தனி வாரியம் வேண்டும் என்று 1994இலேயே அது சொன்னது. அடுத்த ஆண்டு போதிசத்வ கௌதம் வழக்கில், வழக்கு முடியும்வரை பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் இடைக்கால இழப்பீடாக எதிராளியே தர வேண்டும் என்று உத்தரவிட்டது. 2000இல் சந்திரிமா தாஸ் வழக்கு. ஹவுரா ரயில் நிலையத்தை ஒட்டிய ரயில்வே விடுதியில், ரயில்வே ஊழியர்கள் உட்படப் பலர் ஒரு வங்கதேசப் பெண்ணைக் கூட்டாகச் சீரழித்தார்கள். கல்கத்தா வழக்கறிஞர் சந்திரிமா தாஸ் அவருக்காக ரிட் மனு போட்டார். ரயில்வே மூன்று தடைகளைச் சொன்னது. அந்தப் பெண் வெளிநாட்டவர். ஊழியர்கள் செய்த குற்றத்துக்கு ரயில்வே பொறுப்பல்ல. இழப்பீடு வேண்டுமென்றால் ரிட் மனு எதற்கு, சிவில் நீதிமன்றத்துக்குப் போகட்டும். மூன்றையும் உச்ச நீதிமன்றம் தள்ளியது. உயிர்வாழும் உரிமை இந்த மண்ணில் நிற்கும் எவருக்கும் உண்டு என்று சொல்லி 10 லட்சம் ரூபாயை உறுதி செய்தது.

ரயில்வேயின் மூன்றாவது தடையைக் கவனிக்க வேண்டும். ‘சிவில் கோர்ட்டுக்குப் போகட்டும்’ என்பதற்கு நடைமுறையில் ‘திரும்பிப் போகட்டும்’ என்றே பொருள். அங்கே போய்ச் சேர முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் நம் நாட்டில் இழப்பீட்டுச் சட்டம் சிவில் வழக்கு என்ற பாதையில் வளராமல், ரிட் மனுவிலும் அரசின் நிதித் திட்டங்களிலும் வளர்ந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஏ என்ற பிரிவு 2009 இறுதியில் நடைமுறைக்கு வந்தது. இப்போது புதிய சட்டத்தில் அது 396ஆம் பிரிவு. 2018இல் தேசிய சட்டப்பணிகள் ஆணையம் வகுத்த திட்டத்தை உச்ச நீதிமன்றம் ஏற்று நாடு முழுவதற்கும் பொருந்தச் செய்தது. பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம். கூட்டு வன்கொடுமைக்கு 5 முதல் 10 லட்சம். எதிராளி பிடிபடாவிட்டாலும், விடுதலையாகிவிட்டாலும் கேட்கலாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பித்தால் போதும், வக்கீல் வைக்க வேண்டியதில்லை.

இது பெரிய முன்னேற்றம். இதைக் குறைத்துச் சொல்பவன் நான் இல்லை. ஆனால் அதே 2018இல், பாதிக்கப்பட்ட பெண்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் இழப்பீடு கிடைக்கிறது என்று அந்த ஆணையமே உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. கிடைப்பவருக்கும் எப்படிக் கிடைக்கிறது? அனுமதியான தொகையில் முக்கால் பங்கு குறைந்தது மூன்றாண்டு வைப்புத்தொகையாக வங்கியில் போடப்படும். கால் பங்குதான் கையில் கிடைக்கும். பெண்ணின் பணத்தைக் குடும்பத்தார் பிடுங்கிக்கொள்வதைத் தடுக்கும் நல்ல நோக்கம் அதில் இருக்கலாம். ஆனாலும் ஊரைவிட்டு வந்து வாடகை வீட்டுக்கு முன்பணம் தேடுபவர், தன் பணத்தை முன்கூட்டி எடுக்கக் காரணம் சொல்லி மனு எழுத வேண்டியிருக்கிறது. அவர் விண்ணப்பதாரர். ஆணைக்குழு வழங்குகிறது. இந்த ஏற்பாட்டில் எதிராளி எங்குமே இல்லை. அவன் செய்ததற்கு வரி கட்டுகிற நாம் எல்லோரும் கொடுக்கிறோம். அவன் சொத்து அப்படியே இருக்கிறது. கொடுத்ததை எதிராளியிடமிருந்து வசூலிக்க நீதிமன்றம் செல்லலாம் என்று திட்டத்திலேயே இடம் இருக்கிறது. அந்த விதியை உயிருள்ளதாக ஆக்கியதுதான் வாச்சாத்தித் தீர்ப்பின் சிறப்பு.

சரி, அந்தப் பெண்ணே வாதியாக நின்று எதிராளியைப் பிரதிவாதியாக்கி நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாதா? முடியும். சட்டம் தடுக்கவில்லை. ஒரு பிராதைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஏன் யாரும் போடுவதில்லை என்பது விளங்கும். முதல் பக்கத்தில் வாதியின் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, கதவு எண், தெரு, ஊர், வட்டம். கீழே பிரதிவாதியின் பெயரும் முகவரியும். பிறகு நடந்தது என்ன என்று பத்தி பத்தியாக எண் போட்டு எழுத வேண்டும். அதன் நகலோடு அமீனா சம்மனை எடுத்துக்கொண்டு எதிராளியின் தெருவுக்குப் போவார். ஆள் அகப்படாவிட்டால் கதவில் ஒட்டிவிட்டு வருவார். பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் பெயரை யாரும் வெளியிடக் கூடாது என்று குற்றவியல் சட்டம் கடுமையாகச் சொல்கிறது. பெயரை மறைத்துச் சிவில் வழக்குத் தொடர என்ன வழி என்பதைச் சிவில் நடைமுறைச் சட்டம் எழுதி வைக்கவில்லை. குற்றவியல் நீதிமன்றத்தில் வன்கொடுமை வழக்கை மூடிய அறையில்தான் விசாரிக்க வேண்டும். சிவில் நீதிமன்றத்தில் கதவை மூடுவது நீதிபதியின் விருப்பம். ‘இதற்கு முன் யாரோடு பழகினாய்’ என்று குறுக்கு விசாரணையில் கேட்கக் கூடாது என்ற பாதுகாப்பும் குற்ற வழக்குகளை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது.

அடுத்தது கட்டணம். கேட்கும் தொகைக்கு ஏற்பக் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் நூற்றுக்கு மூன்று. பத்து லட்சம் கேட்டால் 30,000 ரூபாய். வறியவர் என்று நிரூபித்தால் கட்டணமின்றி வழக்குத் தொடரலாம். ஆனால் வழக்கு தொடங்கும் முன்பே, உங்களிடம் என்ன சொத்து இருக்கிறது, நகை இருக்கிறதா என்று ஒரு விசாரணை நடந்தாக வேண்டும். பெண்களுக்கு, வருமானம் எதுவானாலும், இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு என்று 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. அந்த உரிமையைக் கொண்டு நஷ்டஈட்டு வழக்குப் போடலாம் என்று காவல் நிலையத்திலோ மருத்துவமனையிலோ ஒரு பெண்ணுக்கு யாரும் எடுத்துச் சொல்வதை நான் கேள்விப்பட்டதில்லை.

இவற்றையெல்லாம் தாண்டி வந்தாலும் காலம் குறுக்கே நிற்கும். இத்தகைய வழக்குகளுக்குக் காலவரம்பு பொதுவாக அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். சிறுவயதில் பாதிக்கப்பட்டவருக்குப் பதினெட்டு வயது முடிந்ததிலிருந்து கணக்கு தொடங்கும், இருபத்தொன்றோடு முடிந்துவிடும். சிறுவயதில் சொந்த வீட்டிலோ விடுதியிலோ பயிற்சிக்கூடத்திலோ சிதைக்கப்பட்ட ஒருவர், நடந்தது இன்னதென்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளவே முப்பது வயதைத் தாண்டிவிடுகிறது. அப்போது சிவில் கதவு சாத்தியிருக்கும்.

அதைவிடக் கொடியது ஒன்று இருக்கிறது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 306ஆம் பிரிவு, ஒருவர் இறந்தாலும் அவருடைய வழக்குரிமைகளும் அவர் மீதான வழக்குகளும் தொடரும் என்று சொல்லிவிட்டு, சில விதிவிலக்குகளைத் தருகிறது. அவதூறு, தாக்குதல், மரணம் விளைவிக்காத உடல் தீங்கு ஆகியவற்றுக்கான வழக்குகள் ஆளோடு போய்விடும். இரு தரப்பில் யார் இறந்தாலும் அதுதான் கதி. நம் நாட்டில் ஒரு சென்ட் நிலத்துக்கான வழக்கைப் பாட்டன் தொடங்கிப் பேரன் முடிக்கலாம். வரப்பைத் தள்ளிப்போட்டவன் செத்தாலும் அவன் பிள்ளைகள் மீது வழக்கு நடக்கும். ஒரு பெண்ணின் உடலைச் சிதைத்தவன் தீர்ப்புக்கு முன் செத்துப்போனால், அவன் விட்டுச்சென்ற வீட்டின் மீதும் வங்கிக் கணக்கின் மீதும் அவர் கை வைக்க முடியாது. வாச்சாத்தியில் தீர்ப்புக்கு முன் 54 பேர் இறந்தார்கள் என்பதை இதோடு சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். நீண்ட ஆயுள் இல்லாதவர்களுக்கு நம் நீதிமன்றங்களில் நீதி கிடைப்பது அரிது. எதிராளிக்கும் நீண்ட ஆயுள் இருக்க வேண்டும் என்பது சட்டமே விதித்த நிபந்தனை.

இது மாற்ற முடியாத இயற்கை விதி இல்லை. நியூயார்க் மாநிலம் 2019இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. சிறுவயதில் பாதிக்கப்பட்டவர் 55 வயதுவரை சிவில் வழக்குத் தொடரலாம். ஏற்கெனவே காலம் கடந்துவிட்ட பழைய வழக்குகளுக்காகவும் குறிப்பிட்ட காலத்துக்குக் கதவு திறந்துவைக்கப்பட்டது. வயது வந்த பிறகு பாதிக்கப்பட்டவர்களுக்கு அதே போல் ஓராண்டு வாய்ப்பை 2022 நவம்பர் முதல் இன்னொரு சட்டம் தந்தது. பாலியல் குற்றம் சாட்டப்பட்ட அமெரிக்கச் செல்வந்தர் ஜெஃப்ரி எப்ஸ்டீன் விவகாரத்தில் இதன் பலனைப் பார்த்தோம். அவர் 2019 ஆகஸ்டில் சிறையில் இறந்ததும் அவர் மீதான குற்றவழக்கு முடிந்துபோனது. ஆனால் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து பாதிக்கப்பட்டவர்களுக்கு 12 கோடி டாலருக்கும் மேல் வழங்கப்பட்டது. அதோடு நிற்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் அவருக்குக் கணக்கு வைத்திருந்த ஜேபி மார்கன் வங்கி மீது, பெயர் வெளியிடப்படாத ஒரு பெண் எல்லோர் சார்பிலும் வழக்குப் போட்டார். 2023இல் அந்த வங்கி 29 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. டாய்ச்சே வங்கி 7.5 கோடி டாலர். பணம் போன வழி தெரிந்தும் வங்கிகள் கண்ணை மூடிக்கொண்டன என்பதே வழக்கு. குற்றவியல் சட்டம் கையால் செய்தவனைத் தேடிப் போகும். உடன் நின்றவர்களையும், வாசலைத் திறந்துவிட்டவர்களையும், லாபம் பார்த்தவர்களையும் சிவில் சட்டத்தால்தான் எட்டிப் பிடிக்க முடிகிறது. புகாரை மூடி மறைத்த பள்ளி நிர்வாகம், பணியிடம் மாற்றி ஆளைக் காப்பாற்றிய நிறுவனம், இவர்கள் சிறைக்கு அஞ்சுவதில்லை, ஏனென்றால் சிறை அவர்களை நெருங்குவதில்லை. கணக்குப் புத்தகத்தில் நஷ்டமாக எழுதவேண்டி வந்தால் அஞ்சுவார்கள்.

மானத்துக்கு விலை வைப்பதா என்று கேட்பவர்களை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். அந்தக் கேள்விக்குப் பின்னால் நம் ஊர்களின் அனுபவம் இருக்கிறது. ஆலமரத்தடியிலும் காவல் நிலைய வராந்தாவிலும் நடக்கும் கட்டப் பஞ்சாயத்துகளில் ஏழைப் பெண்ணின் தகப்பன் கையில் ஒரு தொகையைத் திணித்து, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவதை நாம் பார்த்திருக்கிறோம். கெடுத்தவனுக்கே கட்டிவைக்கும் தீர்ப்பையும் பார்த்திருக்கிறோம். 2015இல் சென்னை உயர் நீதிமன்றமே ஒரு வன்கொடுமை வழக்கில் சமரசப் பேச்சுக்கு வழிவிட்டு ஜாமீன் கொடுத்து, நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பின் அதைத் திரும்பப் பெற்றது. பணம் என்றதும் நம் நெஞ்சு பதறுவது இதனால்தான். ஆனால் பஞ்சாயத்துப் பணம் வாயை மூடுவதற்காகக் கொடுக்கப்படுவது. கொடுத்தவன் பெயர் எங்கும் பதிவாவதில்லை. அதை வாங்கியதும் வழக்கு செத்துப்போகிறது. நீதிமன்றம் விதிக்கும் நஷ்டஈட்டில் யார் என்ன செய்தார் என்று தீர்ப்பில் எழுதப்படுகிறது, எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்று கணக்கிடப்படுகிறது, கட்டத் தவறினால் சொத்து ஜப்தியாகிறது. குற்றவழக்கு தன் வழியில் தனியே நடக்கிறது. பெண்ணுக்கு விலை போடுவதாக இதைச் சொல்ல முடியாது. விபத்தில் கால் இழந்தவருக்கு மோட்டார் வாகனத் தீர்ப்பாயம் நஷ்டஈடு விதிக்கும்போது காலை விற்றார் என்று நாம் சொல்வதில்லையே.

எதிராளி பரம ஏழையாக இருந்தால் தீர்ப்பு வெறும் காகிதம்தானே என்றும் கேட்கலாம். பல வழக்குகளில் அப்படித்தான் ஆகும். அதற்காகத்தான் அரசின் நிதி முதலில் வர வேண்டும். அது ஒருபோதும் நிற்கக் கூடாது. ஆனால் சொத்துள்ளவன், சம்பளமும் ஓய்வூதியமும் வாங்குபவன், நிறுவனத்தின் பெயரில் நின்றவன், இவர்களையும் அந்த நிதி சுமந்துகொண்டு போவது நியாயமில்லை.

நம் சட்டத்தில் இதற்கான முன்மாதிரி இல்லாமலும் இல்லை. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, நஷ்டஈட்டை எப்படிக் கணக்கிடுவது என்று வரிசைப்படுத்துகிறது. மனவேதனை, வேலையில் இழந்த வாய்ப்பு, மருத்துவச் செலவு, எதிராளியின் வருமானம், ஒரே தவணையில் கட்ட முடியுமா என்பவை எல்லாம் அதில் உண்டு. தொகையை எதிராளியின் சம்பளத்திலிருந்து நேராகப் பிடித்தம் செய்யலாம். அளவுகோல் தயாராக இருக்கிறது. அதை அலுவலகக் குழுவின் அறைக்குள்ளேயே வைத்திருக்கிறோம். குற்றவாளி என்று தீர்ப்பளிக்கும் நீதிமன்றம் அவனே நஷ்டஈடு தர வேண்டும் என்று உத்தரவிடும் அதிகாரமும் பல பத்தாண்டுகளாகச் சட்டத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வழக்கிலும் அதைப் பரிசீலித்துக் காரணம் எழுத வேண்டும் என்று 2013இல் அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியும், அந்தப் பரிசீலனை இன்னும் வழக்கமாகவில்லை.

செய்ய வேண்டியவை கைக்கெட்டாத காரியங்கள் அல்ல. பாலியல் கேடு தொடர்பான நஷ்டஈட்டு வழக்குகளுக்குக் காலவரம்பை நீட்ட வேண்டும். சிறுவயதில் பாதிக்கப்பட்டவர்களுக்கு வரம்பே இருக்கக் கூடாது. 306ஆம் பிரிவின் விதிவிலக்கிலிருந்து இவ்வழக்குகளை எடுத்துவிட வேண்டும். நீதிமன்றக் கட்டணம் வேண்டாம். பெயரை மறைத்து வழக்குத் தொடரும் உரிமையும், மூடிய அறை விசாரணையும், பழைய வாழ்க்கையைக் கிளறுவதற்கான தடையும் சிவில் நீதிமன்றத்துக்கும் எழுத்தில் வர வேண்டும். தெரிந்தும் விட்டுவைத்த நிறுவனத்தைப் பிரதிவாதியாகச் சேர்க்கத் தெளிவான பிரிவு வேண்டும். சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள், தாம் வழங்கிய ஒவ்வொரு தொகைக்கும் வசூல் வழக்குப் போட்டதா இல்லையா என்று ஆண்டுதோறும் கணக்குச் சொல்ல வேண்டும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அரசு ஒரு ரூபாயும் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியதில்லை.

வாச்சாத்திப் பெண்கள் கேட்டது கருணை அல்ல. முப்பத்தோரு ஆண்டுகள் சாட்சிக் கூண்டில் நின்று அதை நிரூபித்தார்கள். அவர்களுக்கு அடுத்து வருகிறவர்கள் அதே கூண்டில் அவ்வளவு காலம் நிற்காமல், தங்கள் பெயரால் தாங்களே ஒரு வழக்கைத் தொடுக்கவும், எதிராளியின் சொத்தைக் காட்டி இது எனக்கு வரவேண்டியது என்று கேட்கவும் வழி இருக்க வேண்டும். அரசு தரும் நிதி அவர்களைத் தாங்கிப் பிடிக்கும். அவனைக் கொடுக்கவைக்கும் அதிகாரம் அவர்கள் கைக்கு வந்தால்தான் அதை நீதி என்று சொல்ல முடியும்.